பட்டன் செல் மாற்றிய மறுநாள்

பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு எழுதுவதைவிட எழுந்து நடப்பது சுலபம். பணி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன் என்று பெயர்தானே தவிர, திருநின்றவூர் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவள் நான். வேலை முடிந்துவிட்டது, வேலை கொடுத்த பதற்றம் முடியவில்லை. விதிமுறைகளை உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இறாலை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். அங்கே குளிரூட்டுவதற்கு அம்மோனியா வாயுவைப் பயன்படுத்துவோம். கசிந்தால் முதலில் கண்ணைப் பிடிக்கும், பிறகு மூச்சை. அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு சின்னக் கருவி தொங்க வேண்டும் என்று நிர்வாகம் ஏற்பாடு செய்திருந்தது. தீப்பெட்டியைவிடச் சிறியது. எல்லோரும் அதை டேக் என்றே சொல்வோம். அதிலிருந்து வரும் சிக்னலை ஒவ்வோர் அறையிலும் வெளியே மைதானத்திலும் மாட்டியிருக்கிற பெட்டி பிடித்துக்கொள்ளும். வாசல் செக்யூரிட்டி அறையில் பெரிய திரை. அதில் தொழிற்சாலையின் வரைபடம். ஒவ்வோர் ஆளும் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் பெயர். யார் எந்த அறையில் இருக்கிறார் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

டேக் வருவதற்கு முன்னால், சைரன் அடித்தால் மைதானத்தில் நிற்க வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். கூப்பிட்டவர் கை தூக்க வேண்டும். டேக் வந்த பிறகு அந்தப் பழக்கம் தானாகவே தேய்ந்து போயிற்று. திரையைப் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அந்த டேக்குக்குள் இருப்பது ஒரு பட்டன் செல். உறைகுளிரில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். அப்போது திரையில் புள்ளி சிவப்பாக மாறும். சிவப்பானால் டேக்கின் பின் மூடியைத் திறந்து, செல்லை மாற்றி மூட வேண்டும். இதைச் செய்துவந்தவர் டில்லிபாபு. கருவிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். ஆரம்பாக்கத்துக்காரர். வீட்டில் நெல் விவசாயம், இவர் ஒருவர்தான் தொழிற்சாலைக்கு வந்தவர். கை வேகமானவர், வாய் குறைவு.

ஒரு தடவை வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆய்வுக்கு வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் நான் தலைமை அலுவலகக் கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தேன். தொழிற்சாலையில் நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திரையில் பல புள்ளிகள் சிவந்திருந்தன. உற்பத்தி மேலாளர் டில்லிபாபுவைக் கூப்பிட்டு, எல்லா டேக்கிலும் இன்றைக்கே செல் மாற்றிவிடு என்றிருக்கிறார்.

"ஒண்ணொண்ணா தொறந்து, மாத்தி, செக் பண்ணி குடுக்கணும் சார். ரெண்டு மூணு நாளு ஆவும்."

"நாளைக்குக் காலையில ஆடிட்டர்ஸ் வந்து திரை முன்னாடி நிப்பாங்க. ஒரு சிவப்புகூட இருக்கக் கூடாது. எப்படியாவது முடி."

டில்லிபாபு கேன்டீன் மேசையில் எல்லா டேக்குகளையும் பரப்பினார். எல்லா மூடிகளையும் மொத்தமாகக் கழற்றினார். பழைய செல்களையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, புதியவற்றை வரிசையாக வைத்துக்கொண்டே போய், மூடிகளை மறுபடி அழுத்தி மூடினார். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. திரை முழுவதும் பச்சை. மேலாளர் தோளில் தட்டிக் கொடுத்தாராம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆளின் பெயர் ஒட்டியிருப்பது மூடியின் மேல். ஆனால் திரைக்குப் பெயர் சொல்வது உள்ளே இருக்கிற சில்லு, அதாவது சிப். மூடி வேறு, சில்லு வேறு. மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று கைக்குத் தெரியும், சரியான மூடிதானா என்று கைக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஆய்வாளர்கள் வந்தார்கள், திரையைப் பார்த்தார்கள், தலையசைத்தார்கள். நான் அவர்களோடுதான் நின்றிருந்தேன். நாஷ்டா முடித்து அவர்கள் பதப்படுத்தும் கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் சைரன் அடித்தது.

இரண்டாம் குளிர் அறைக்கு முன்னால் இருக்கிற நடைக் கூடத்தில் ஒரு வால்வு விட்டிருந்தது. வெள்ளைப் புகை போலக் கிளம்பி, கதவிடுக்கு வழியாக வெளியே வந்தது. இறால் உரிக்கும் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. மைதானத்தில் நின்ற கூட்டத்தின் மீதே நெடி வீச, பாதிப் பேர் அங்கேயே நிற்க, பாதிப் பேர் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டார்கள். உணவுத் தொழிற்சாலை என்பதால் யார் கையிலும் செல்போன் இல்லை, எல்லாம் லாக்கரில். எந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று கேட்கவே வழி இல்லை. திரை ஒன்றுதான்.

நான் செக்யூரிட்டி அறைக்கு ஓடினேன். மேலாளர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். டில்லிபாபுவும் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் எல்லாப் புள்ளிகளும் வெளியே. ஒன்றே ஒன்று மட்டும் இரண்டாம் குளிர் அறையில். பக்கத்தில் பெயர்: கன்னியம்மா.

கன்னியம்மா உரிக்கும் பிரிவில் மேற்பார்வையாளர். அவருக்குக் குளிர் அறையில் என்ன வேலை என்று யோசிக்கக்கூடச் செய்யாமல் வாசலுக்கு வந்து கத்தினேன்.

"கன்னியம்மா எங்க? யாராவது கன்னியம்மாவைப் பாத்தீங்களா?"

"இங்கதான கீறேன் மேடம்," என்று மைதானத்துக் கூட்டத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. "இன்னா ஆச்சு?"

கன்னியம்மாவேதான். கழுத்தில் டேக். டேக்கின் மேல் அவர் பெயர்.

அந்தக் கணத்தில் எல்லோருக்கும் வந்த நிம்மதியைப் பற்றித்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கும் வந்தது. மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சிஸ்டம் ஹேங் ஆயிருக்கு. ஆள் வெளிய நிக்கிறாங்க, அது உள்ளன்னு காட்டுது. நேத்துதான் செல் மாத்தினோம், இன்னும் செட் ஆகல போல. சரி, உள்ள யாரும் இல்ல. ஷட்டரை இறக்கச் சொல்லுங்க. சென்னையிலேருந்து டீம் வரட்டும், அவங்க பாத்துப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். உள்ளே ஆள் இல்லையென்றால் நடைக் கூடத்தின் ஷட்டரை இறக்கி, தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, வெளிக்குழு வரும்வரை யாரையும் உள்ளே அனுப்பாமல் இருப்பதுதான் முறை. அந்தக் குழு வந்து சேர மதியம் ஆகிவிடும். நம் ஆட்களை வீணாக விஷக் காற்றுக்குள் அனுப்பக் கூடாது. எழுதி வைத்த விதியும் அதைத்தான் சொல்கிறது. ஷட்டர் அருகே நிற்கிற ஆளுக்கு உத்தரவு கொடுக்க நான் வாக்கி டாக்கியை எடுத்தேன். எடுத்தேனே தவிர, பொத்தானை அழுத்த மனம் வரவில்லை.

ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ ஒன்று இடித்தது. பழுதான புள்ளி என்றால் அணைந்துபோகும், அல்லது அங்கும் இங்கும் துள்ளும். இது குளிர் அறையின் ஒரு மூலையில் ஆடாமல் அசையாமல் பச்சையாக இருந்தது. ஆனால் "ஏதோ இடிக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு யாரையும் உள்ளே அனுப்ப முடியாது. மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வெளிநாட்டுக்காரர்கள்.

"மேடம், சொல்லுங்க. எதுக்கு வெயிட் பண்றீங்க?"

அப்போது டில்லிபாபு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"மேடம், இது ஹேங் இல்ல," என்றார். "நேத்து எல்லாத்தையும் ஒண்ணா தொறந்துட்டேன். மூடி மாறிக்கும். கன்னியம்மாக்கா மூடிய வேற யாரோ டேக்குல போட்டுட்டேன். அவங்க டேக்கு உள்ள கீது. அத்த மாட்டிக்கினு வேற யாரோ உள்ள கீறாங்க."

மேலாளர் திரும்பினார். "என்னப்பா சொல்ற?"

"நான்தான் சார் மாத்துனேன். தப்பா மூடிட்டேன்."

அடுத்துக் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: அப்படியென்றால் கன்னியம்மா கழுத்தில் தொங்குவது யாருடைய டேக்? அதைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. நான் வாசலிலிருந்து கூப்பிட்டேன்.

"கன்னியம்மா, அங்கேருந்து நேரா என்கிட்ட நடந்து வாங்க. தனியா வாங்க. மத்தவங்க யாரும் நகராதீங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வந்தார். நான் திரையைப் பார்த்தேன். மைதானத்தில் நெருக்கியடித்து நின்ற புள்ளிகளிலிருந்து ஒன்று மட்டும் பிரிந்தது. கன்னியம்மா ஓர் அடி வைத்தால் அதுவும் ஓர் அடி வைத்தது. கன்னியம்மா வாசற்படி ஏறினார். திரையில் வாசலுக்கு வந்து சேர்ந்த பெயர் வெங்கடேசுலு.

வெங்கடேசுலு குளிர் அறையில் பெட்டி அடுக்குகிறவர். ஆந்திர எல்லையைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார். மைதானத்தைப் பார்த்து அவர் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. "பின்னாடி கேட்டாண்ட போயிருப்பாரு மேடம்," என்று யாரோ சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நான் இனி "இருக்கலாம்" என்பதற்குச் செவி கொடுப்பதாக இல்லை.

மீட்புப் பயிற்சி பெற்றவர்கள் இரண்டு பேர் முகக்கவசமும் காற்று சிலிண்டரும் மாட்டித் தயாராக நின்றார்கள். அவர்களில் மூத்தவர் சுகுமார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். கவசத்தை முகத்தில் இறக்குவதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், கன்ஃபார்மா ஆளு உள்ள கீறாரா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தைரியமாக இருந்திருக்கும். ஆனால் நான் பார்த்தது புள்ளியைத்தான், ஆளை இல்லை.

"டேக் உள்ள இருக்கு. ரெண்டாவது ரூம், வலது மூலை. ஆளும் இருக்காருன்னு நம்பித்தான் அனுப்பறேன். கூடத்துல கண்ணு தெரியலன்னா உடனே திரும்பிடுங்க."

"சரி மேடம்," என்று கவசத்தை இறக்கிக்கொண்டார்.

அவர்கள் உள்ளே போன பிறகு இருந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாக்கி டாக்கியில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. நான் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வெங்கடேசுலு பின்வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நின்றால்? டேக் எங்காவது அறுந்து விழுந்து கிடந்தால்? ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக இரண்டு குடும்பத்து ஆட்களை உள்ளே அனுப்பியிருக்கிறேனா? பின்வாசலுக்கு ஒரு காவலாளியை ஓடவிட்டேன். அவர் திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார். அங்கேயும் இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது பயமா நிம்மதியா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு சுகுமாரின் குரல் கேட்டது. "ஆளு கெடச்சிட்டாரு. உசுரோட கீறாரு."

நடந்தது இதுதான். குளிர் அறைக்குள் காற்றாடிகளின் இரைச்சலில் வெங்கடேசுலுவுக்குச் சைரன் தாமதமாகத்தான் கேட்டிருக்கிறது. கதவைத் திறந்தபோது நடைக் கூடம் முழுக்க வெள்ளைப் புகை. புத்திசாலி, ஓடவில்லை. கதவை உடனே இழுத்துச் சாத்திவிட்டு, கதவிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் உள்ளே போய், மூலையில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கம்பளிக் கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்துவிட்டார். கதவு திறந்த அந்த ஒரு நொடியில் கண்ணில் பட்டது பட்டதுதான். இடுக்கு வழியாகவும் நெடி ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வாயு முடித்திருக்கும், இல்லாவிட்டால் குளிர் முடித்திருக்கும். நாங்கள் ஷட்டரை இறக்கிவிட்டு மதியம் வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை.

கண்ணில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம், ஆம்புலன்ஸ் வரும்வரை.

மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோது அவர் கண்கட்டோடு படுத்திருந்தார். என் குரலைக் கேட்டதும் எழ முயன்றார். படுக்கச் சொன்னேன். கத்தியோ கதவைத் தட்டியோ பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"எதுக்கு மேடம் கத்தறது," என்றார். "கழுத்துல டேக்கு கீது. நான் எங்க கீறேன்னு உங்களுக்குத் தெரியும், எப்டியும் ஆளு வரும்னு ஒக்காந்துக்கினேன்."

அவர் பெயர் அந்த நேரத்தில் வெளியே மைதானத்தில், வெயிலில், பத்திரமாக நின்றுகொண்டிருந்தது என்பதை அவர் அதற்குள் கேள்விப்பட்டிருக்கவில்லை.

பிறகு கேள்விப்பட்டார். கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பிய அன்று கேன்டீனில் கன்னியம்மாவைப் பார்த்து, "நான் உள்ளயே செத்துப் போயிருந்தா உன் பேருதான் போயிருக்கும்" என்றார். "எம்பேர வச்சிக்கினு பொழச்ச இல்ல நைனா, அதுக்கு ஒரு டீ வாங்கிக் குடு" என்றார் கன்னியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். டில்லிபாபு மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

விசாரணை வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் முதலில் கேட்டதே, செல்லை மாற்றியது யார் என்பதுதான். அதற்கு ஏற்கெனவே எல்லோருக்கும் பதில் தெரியும், டில்லிபாபுவே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாரே. டில்லிபாபுவை வேலையை விட்டு எடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாம் இன்றைக்கு ஒரு சாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்போம் என்று நான் சொன்னேன். அது தப்பை இல்லாமல் ஆக்கிவிடுமா என்று கேட்டார்கள். ஆக்காது என்றேன்.

எனக்குத் துணையாகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்காத ஒருவர் அப்போது பேசினார். உற்பத்தி மேலாளர். "ரெண்டு மூணு நாள் வேணும்னு அவன் கேட்டான். ஒரே நாள்ல முடின்னு சொன்னது நான். எழுதறதுன்னா அதையும் சேத்து எழுதுங்க" என்றார். அதற்குப் பிறகு வேலை நீக்கப் பேச்சு அடங்கிவிட்டது. அவர்மீது எனக்கு அதுவரை இருந்த எரிச்சல் அன்றோடு போயிற்று. அவரும் ஷட்டரை இறக்கச் சொன்னது கெட்ட எண்ணத்தால் இல்லை. நிம்மதி வந்துவிட்ட பிறகு அதை யாரும் திருப்பிக் கொடுக்க விரும்புவதில்லை.

வேலை முறையையும் மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு டேக்கைத்தான் திறக்க வேண்டும். மூடியபின் அதற்குரிய ஆளின் கழுத்தில் மாட்டி, அவரைக் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லி, திரையில் அவர் பெயர் நடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். சைரன் அடித்தால் திரையையும் பார்க்க வேண்டும், பெயர் சொல்லியும் கூப்பிட வேண்டும். இவ்வளவுதான். இதை நீங்கள் யாரும் மறக்க மாட்டீர்கள். நான் இதை எழுதியது இதற்காக இல்லை.

டில்லிபாபு அதன் பிறகு சில மாதங்கள்தான் அங்கே இருந்தார். அதே தொழிற்பேட்டையில் வேறு ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். கடைசி நாள் சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இருவரும் நின்றிருந்தோம். எனக்குச் சென்னைப் பக்கம் போகிற ரயில், அவருக்கு எதிர்ப்பக்கம். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டில்லி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எல்லாரும் சிஸ்டம்தான் தப்புன்னு நம்பிட்டாங்க. ஆனாலும் சொன்ன. அந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சு?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தைரியம்லாம் இல்ல மேடம். யோசிக்கறதுக்கு டைம் இல்ல, அதான் வாயில வந்துடுச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் கெடச்சிருந்தா ஊட்ட நெனச்சிருப்பேன், வேலைய நெனச்சிருப்பேன், மேனேஜர் போடற சத்தத்த நெனச்சிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேன்."

அவருடைய ரயில் முதலில் வந்தது. கூட்டத்தோடு ஏறிப் போய்விட்டார். நான் என் ரயிலில் ஏறியும் உட்காராமல் கதவோரமாகவே நின்றுகொண்டு வந்தேன். ஒரு மனிதனின் உயிர் பிழைத்தது எங்கள் கருவியால் இல்லை, என் அனுபவத்தால் இல்லை. தப்பு செய்தவருக்குப் பயப்பட நேரம் கிடைக்காமல் போனதால். அப்படி ஒரு தொழிற்சாலையைத்தான் நாங்கள் நடத்திக்கொண்டிருந்தோம்.

உங்களுக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்கு உங்கள் டில்லிபாபுவுக்கு யோசிக்க வேண்டிய அளவு நேரம் இருக்கும். இரவு முழுக்க யோசித்துவிட்டு, காலையில் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். வாயைத் திறப்பதா, ஒன்றும் இல்லை மேடம் என்று திரும்பிவிடுவதா என்று உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அப்போது நீங்கள் அவரிடம் கேட்கப்போகிற முதல் கேள்வி என்ன என்று இன்றைக்கே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். "யார் செய்தது" என்பதாக அது இருக்க வேண்டாம்.